பழைய காரில் புது பெட்ரோல் மீட்டர் மாட்டினால் முள் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

டேங்கில் உள்ள மிதவையோடு இணைந்த பாகம்தான் சென்டர் (sender). பெட்ரோல் மட்டத்துக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும். மீட்டர் அந்த ஓம் அளவைத்தான் படிக்கிறது. 1965 ஃபோர்டு மஸ்டாங்கில் டேங்க் காலியென்றால் சுமார் 73 ஓம், நிறைந்தால் 10. அதே காலத்து ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களுக்கான மீட்டருக்கோ 0 காலி, 90 நிறைவு. இந்த ஜிஎம் மீட்டரை மஸ்டாங்கில் மாட்டினால் பெட்ரோல் தீரத் தீர முள் மேலே ஏறும், நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். அங்குலத்தில் எடுத்த அளவைச் சென்டிமீட்டராக நினைத்துத் துணி வெட்டுவது போன்ற தவறு இது.

வாங்குமுன் சென்டர் ஒயரைக் கழற்றி, அதன் முனைக்கும் டேங்க் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரால் ஓம் அளந்துவிடுங்கள். சென்டர் வகையைத் தேர்வு செய்யும் வசதியுள்ள டிஜிட்டல் மீட்டரே என் பரிந்துரை. பெயின்ட் அடித்த டேங்கில் எர்த் சரியாகப் பிடிக்காது. தனி ஒயர் போடுங்கள்.

முள் தப்பாகக் காட்டினால் மீட்டர் பழுது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பொருந்தாத சென்டரோ மோசமான எர்த்தோதான் காரணம்.