வால்பெட்டியிலிருந்து வந்த சீட்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ‘ஸ்னோபியர்சர்’ படம் போட்டோம். பாங் ஜூன்-ஹோ இயக்கி 2013-இல் வந்தது. வெப்பத்தைக் குறைக்க வானத்தில் தூவிய மருந்தால் உலகம் பனியில் உறைந்துவிட்டது. மிஞ்சியவர்கள் அத்தனை பேரும் நிற்காமல் ஓடும் ஒரே ரயிலில் இருக்கிறார்கள். முன்னால் வசதியானவர்கள், வால்பெட்டியில் ஏழைகள். கர்ட்டிஸ் என்பவன் தலைமையில் வால்பெட்டிக்காரர்கள் எஞ்சினை நோக்கிக் கிளம்புகிறார்கள்.

நேரமாகிவிட்டதால் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். ‘பத்தே நிமிஷத்தில் முழுக்கதை’ வீடியோக்களைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

சத்துவாச்சாரி, கல்லூரி மாணவர்: வானத்தில் மருந்து தூவி பூமியைக் குளிரவைப்பது நடக்கிற காரியமா? நம்ம ஊர் வெயிலுக்கு அடித்தால் தேவலை.

முழுக் கற்பனை இல்லை தம்பி. 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தது. மேலே போன கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததில், அடுத்த ஓரிரு வருஷம் உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்தது. அதையே மனிதர்கள் செய்யலாமா என்று விஞ்ஞானிகள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஒரே தூவலில் உலகமே உறைவது மட்டும் கதைக்காக. அக்னி நட்சத்திரத்தில் உங்களுக்கு அந்த ஆசை வருவது புரிகிறது. ஆனால் ஓரிடத்தில் வெயிலைக் குறைத்தால் இன்னோரிடத்தில் மழை தவறலாம். எந்த ஊர் காயட்டும் என்று யார் தீர்மானிப்பது? படம் தொடங்குவதே அங்கேதான்.

காந்தி நகர்: அந்தக் கறுப்பு ஜெல்லி நிஜமாகவே பூச்சியா?

ஆமாம். வால்பெட்டிக்காரர்களுக்குச் சாப்பாடாகத் தருகிற அது, கரப்பான்பூச்சி மாதிரியானவற்றை அரைத்துச் செய்தது.

ஆம்பூர், ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்: நான் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறேன் சார். அந்த அம்மா ஷூவைக் காட்டிப் பேசியபோது வயிற்றில் என்னவோ செய்தது. எவ்வளவோ பொருள் இருக்க, ஏன் ஷூ?

அம்மா, உங்கள் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே என்று ஒரு தகப்பன் ஷூவைக் கழற்றி எறிகிறான். அதற்குத் தண்டனையாக அவன் கையை ரயிலுக்கு வெளியே ஏழு நிமிஷம் நீட்டவைத்து, உறைந்த கையைச் சுத்தியலால் உடைக்கிறார்கள். கை உறைகிற அந்த நேரத்தில்தான் முன்பெட்டி அதிகாரி மேசன் பேசுகிறாள். டில்டா ஸ்விண்டன் நடித்த பாத்திரம் அது. முதலில் ஆணுக்காக எழுதியது. எறிந்த ஷூவை அவன் தலைமேலேயே வைக்கச் சொல்லி, தொப்பி தலைக்கு, ஷூ காலுக்கு, நான் தொப்பி, நீங்கள் ஷூ என்கிறாள். பத்தாம் நம்பர் கலகம் என்று அதற்கு அளவும் சொல்கிறாள்.

அளவு தெரிகிறது, செய்தவர்களைத் தெரியவில்லை. ஒரு ஜோடிக்குத் தோல் வெட்ட ஒரு கை, ஓரம் சீவ ஒரு கை, தைக்க உங்கள் கை, அச்சில் இழுத்து வடிவம் கொடுக்கிற லாஸ்டிங்குக்கு ஒரு கை, சோல் ஒட்ட ஒரு கை. இத்தனை கை பட்ட பொருளைக் காட்டி, காலுக்குக் கீழே கிட என்று சொல்கிற வாய் அது. உங்கள் வயிற்றில் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இது வர்க்கத்தைப் பற்றிய கொரியப் படம். அன்று நீங்கள் இதில் சாதியை இழுத்தது தேவையற்றது.

ஐயா, கதை பிரெஞ்சுக்காரர்களுடையது. 1982-இல் ஜாக் லோப் எழுத, ழான்-மார்க் ரோஷெத் வரைந்த சித்திரக்கதை. சாதியை மனதில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலை, கால் என்று மனிதர்களைப் பிரிப்பதை நாம் மேசனிடமா முதலில் கேட்டோம்? ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷ சூக்தம் இருக்கிறது; அதில் காலிலிருந்து பிறந்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ரயிலில் பணத்துக்கு வேலையே இல்லை. உழைத்துச் சம்பாதித்து ஒரு பெட்டி முன்னே போக முடியாது. வால்பெட்டியில் பிறந்த பிள்ளை வால்பெட்டிதான். இதை வெறும் வர்க்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாதி வேலைகளைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று 1936-இலேயே அம்பேத்கர் எழுதினார். ஒரு காலத்தில் நம் வேலூர் மாவட்டத்துக்கே அவர் பெயர்தான்.

ராணிப்பேட்டை: அப்படியானால் வயலின் வாசிக்கிற பெரியவரை மட்டும் முன்னே கூட்டிப்போனார்களே?

நல்ல பிடி. ஆனால் முன்பெட்டிக்கு வயலின் தேவைப்பட்டது, அதனால் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவியை அனுப்பவில்லை. தேவைக்கு ஒருவரை எடுத்துக்கொள்வதைக் கதவு திறந்ததாகச் சொல்ல முடியாது.

மறுபடி குடியாத்தம் ஐயா: பொருளாதாரம் மாறினால் எல்லாம் மாறும்.

தோல் பதனிடும் டேனரியில் ஒரே ஷிப்டில், ஒரே கூலிக்கு நின்றவர்கள் சாயங்காலம் வேறு வேறு தெருவுக்குப் பிரிந்து போனதை நான் பார்த்திருக்கிறேன் ஐயா. கூலி சமமாகத்தான் இருந்தது. நேரில் வாருங்கள், பேசுவோம்.

ஐந்து சீட்டுகள்: கடைசியில் வரும் பனிக்கரடி அந்த இரண்டு பிள்ளைகளையும் தின்றுவிடாதா?

படம் அதைச் சொல்லவில்லை. வெளியே உயிர் இருக்கிறது என்பதற்குத்தான் கரடி. ஐந்து பேருக்கும் இதே பதில்.

நான்கு சீட்டுகள்: எரிபொருள் இல்லாமல் அந்த எஞ்சின் எப்படி ஓடுகிறது?

ஓடாது. எஞ்சின் தரைக்குக் கீழே என்ன இருந்தது என்று பார்த்தீர்கள் அல்லவா? தேய்ந்துபோன பாகத்துக்குப் பதில் ஐந்து வயதுப் பையன். இயந்திரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் நான்கு பேர், அந்தப் பையனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இதற்குத்தான் பத்து நிமிஷ வீடியோக்கள் வேண்டாம் என்கிறேன். அதில் பையன் ஒரு வரியில் போய்விடுவான்.

விருதம்பட்டு: கர்ட்டிஸ் எஞ்சினைப் பிடித்தபின் அங்கேயே இருந்து நல்லபடி நடத்தியிருக்கலாமே?

அதைத்தான் எஞ்சின் முதலாளி வில்ஃபோர்டும் சொல்கிறான்: என் இடத்தில் நீ உட்கார். வால்பெட்டிப் பெரியவர் கில்லியம் தன்னோடு சேர்ந்தே கலகங்களைத் திட்டமிட்டதாகவும் சொல்கிறான். கூட்டத்தைக் குறைக்க அது ஒரு வழியாம். கர்ட்டிஸ் படம் முழுக்க முன்கதவுகளையே பார்க்கிறான். பூட்டு திறக்கிற நம்கூங் மட்டும் பக்கவாட்டுக் கதவைப் பார்க்கிறான். பல வருஷம் மூடியே கிடந்ததால் சுவர் என்று நினைக்கிறீர்கள், அது கதவு என்கிறான்.

காட்பாடியிலிருந்து சென்னைக்குப் பல வருஷம் முன்பதிவில்லாப் பெட்டியில் போய்வந்தவன் நான். அடுத்த பெட்டிக்குப் போகிற வழியில் ஷட்டர் இறக்கியிருக்கும். அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அரக்கோணம் தாண்டும்போது தகரத்தின் சில்லிப்பு சட்டையைத் தாண்டித் தெரியும். அந்தப் பக்கம் யாரோ நடந்துபோகும் சத்தமும் கேட்கும். நம்கூங் பேசியதைக் கேட்கும்வரை அதைக் கதவு என்று நான் நினைத்ததே இல்லை.