கணிதத்தில் பிஎச்.டி. செய்கிறவருக்குப் பள்ளி வகுப்பில் என்ன வேலை? – கேள்வி பதில்

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999இல் ஜிகே-12 என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆய்வு மாணவர்களைப் பள்ளி ஆசிரியரோடு ஜோடி சேர்த்து வகுப்புக்கு அனுப்புவார்கள். அரிசோனாவில் கணித ஆய்வு மாணவனாக இருந்தபோது நானும் அதில் ஃபெலோவாகப் போனேன், அப்படிப் பள்ளிக்குப் போகிற ஆய்வு மாணவருக்கு அதுதான் பெயர். அதைப் பற்றி வந்த கேள்விகள் கீழே.

கேள்வி: நம்ம ஊர் பி.எட். டீச்சிங் பிராக்டிஸ் மாதிரிதானே?

இல்லை. பி.எட். மாணவர் ஆசிரியராகப் போகிறவர், ஃபெலோ ஆய்வுக்கே திரும்பப் போகிறவர். வாரத்துக்கு 15 மணி நேரம். அதில் 10 மணி பள்ளியில், மீதி தயாரிப்பு. ஸ்டைபெண்ட், அதாவது உதவித்தொகை, திட்டத்தின் பிற்காலத்தில் ஆண்டுக்கு 30,000 டாலர். வகுப்பு முழுக்க முழுக்க ஆசிரியருடையது. அவர் லீவு போட்டால் அந்த இடத்தை நிரப்ப வந்த ஆள் இல்லை ஃபெலோ, இதைச் சில தலைமையாசிரியர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கேள்வி: ஆய்வு செய்கிற கணக்குக்கும் எட்டாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம்? என்னதான் சொல்லிக்கொடுப்பீர்கள்?

ஆய்வுத் தலைப்பை அங்கே கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் தூங்கிவிடுவார்கள். ஒரு நாள் மாநிலங்களின் எல்லை மட்டும் போட்ட அமெரிக்க வரைபடத்தை ஆளுக்கொன்று கொடுத்து, பக்கத்துப் பக்கத்து மாநிலத்துக்கு ஒரே நிறம் வரக்கூடாது, மூன்றே கலர் பென்சில்தான் என்றோம். ‘எங்கள் ஊர் மூலையில் நாலு மாநிலம் ஒரே புள்ளியில் தொடுகிறதே, அது பக்கமா இல்லையா?’ என்று உடனே ஒருவன் கேட்டான். அரிசோனாக்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா! புள்ளியில் தொட்டால் கணக்கில்லை என்று விதி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் நெவாடாவில் மாட்டிக்கொண்டார்கள். அதைச் சுற்றி கலிஃபோர்னியா, ஓரிகன், ஐடஹோ, யூட்டா, அரிசோனா என்று ஐந்து மாநிலங்கள் வளையமாக நிற்கின்றன. இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தால் ஐந்து ஒற்றைப்படை என்பதால் கடைசி மாநிலம் முதல் மாநிலத்தோடு இடிக்கும், ஆக வளையத்துக்கே மூன்று நிறம் செலவாகிவிடும், நடுவில் இருக்கும் நெவாடாவுக்கு நாலாவது வேண்டும். ‘ஆறு மாநிலம் சுற்றி இருந்தால் மூன்று போதுமா?’ என்றாள் ஒரு பெண். நான் வாயெடுப்பதற்குள் ஆசிரியை, ‘வரைந்து பாரேன்’ என்றார். நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

என் பங்குக்கு நான் சொன்னது வேறு. எந்த வரைபடத்துக்கும் நாலு நிறம் போதும் என்று 1976இல்தான் ஆப்பெல், ஹாக்கென் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் கம்ப்யூட்டர் உதவியோடு நிரூபித்தார்கள் என்றதும், கணக்கில் இன்னும் கண்டுபிடிக்க மிச்சம் இருக்கிறதா என்று வகுப்பே கேட்டது.

கேள்வி: ஆய்வை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனால் ஆய்வு கைடு சும்மா விடுவாரா?

பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆராய்ச்சி மட்டும் செய்தவர்களைவிட, கூடவே பாடமும் நடத்தியவர்கள் கருதுகோள் வகுப்பதிலும் பரிசோதனை வடிவமைப்பதிலும் அதிகம் முன்னேறியிருந்தார்கள். அவர்கள் எழுதிய ஆய்வு முன்மொழிவுகளை வைத்து அளந்தது அது. தேற்றம் நிரூபிக்கிறவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிறேன், சேர முடியுமா?

திட்டம் நடந்த காலத்திலும் முடியாது. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் ஃபெலோ ஆக முடிந்தது. அதைவிட, புதிய திட்டங்களுக்குப் பணம் கிடையாது என்று 2011இலேயே சொல்லிவிட்டார்கள், ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் ஓடின.

கேள்வி: பிள்ளைகளுக்கு மார்க் கூடியதா?

ஒரு ஃபெலோ வந்ததால் இத்தனை மார்க் என்று பிரித்து அளப்பது கஷ்டம். அப்படிப் பெருமை பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. இப்படி ஒருவர் வந்தால் சிலபஸ் முடியுமா என்றுதான் பயம்.

நியாயமான பயம். முதல் சில வாரம் அவரைப் பின்பெஞ்சில் உட்கார வையுங்கள், பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நோட்டைத் திருத்திப் பார்க்கட்டும். வாரம் ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைச் சேர்ந்து போடுங்கள், இது இல்லையென்றால் மற்ற எதுவும் உருப்படாது. ஒரு பள்ளியில் ஃபெலோவை ஜெராக்ஸ் எடுக்கவும், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளவும் மட்டுமே விட்டிருந்தார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல முடியவில்லை, பேசித் திட்டம் போட அவருக்கு ஒரு பீரியடும் யாரும் ஒதுக்கித் தரவில்லை.

கேள்வி: திட்டம் இல்லாத இப்போது, நானாக ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. ஆனால் ‘ஒரு கெஸ்ட் லெக்சர் தரட்டுமா’ என்று போய் நிற்காதீர்கள். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் வருஷா வருஷம் சிக்குகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பின்னம், மைனஸ் எண்களின் பெருக்கல், கோட்டின் சாய்வு, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வார். அதற்கு மட்டும் ஒரு கணக்கைத் தயார் செய்து, முதலில் அவரிடம் காட்டுங்கள்.