அணைத்தேன் என்று சொல்லும் கணினி – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பழைய குறிப்பு ஒன்றில், ‘எழுத்து ஓடாத நாட்களில் இயங்குதளங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அதே நோய். கணினித் துறைக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது, கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். மகள் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய மேக் மடிக்கணினி ஒன்றும் உண்டு. மூன்றுக்கும் நடுவே பென்டிரைவோடு ஓடுவதிலேயே என் பகல் போய்விடுகிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கிறுக்கு. விண்டோஸில் ஆங்கில எழுத்துகள் சி, ஓ, என் மூன்றையும் சேர்த்து ‘கான்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்க முடியவில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பல மணி நேரம் தள்ளி நிற்கிறது. விண்டோஸை முறைப்படி அணைத்துவிட்டு லினக்ஸுக்கு வந்தாலும் என் படங்கள் இருக்கிற பார்ட்டிஷனில், அதாவது வட்டைப் பிரித்த ஒரு பகுதியில், எழுத விடமாட்டேன், வாசிக்க மட்டும்தான் என்கிறது. இதற்கெல்லாம் மேலே, போன வாரம் அதே பார்ட்டிஷனில் ஒரே ஃபோல்டருக்குள் ‘கொடிகள்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகளைப் பார்த்தேன். ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்?

மூன்றில் கிறுக்கு குறைந்தது எது? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துறந்துவிடலாமா?

அன்புடன்,
மு.

---

அன்புள்ள மு.,

கிறுக்கு குறைந்தது எது என்று எண்ணிப் பார்த்தால் விடை வராது, நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதனால் வேறு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற கிறுக்கு ஒரு வகை. ‘சரி, ஆச்சு’ என்று தலையாட்டிவிட்டு வேறொன்றைச் செய்கிற கிறுக்கு இன்னொரு வகை. முதல் வகையோடு குடித்தனம் நடத்திவிடலாம். இரண்டாவது வகையோடுதான் எனக்குத் தீராத சண்டை. உங்கள் பட்டியலில் இரண்டும் கலந்திருக்கின்றன.

‘கான்’ முதல் வகை. ஒரு காலத்தில் இது விடை தெரியாத மர்மம் என்று மின்னஞ்சலில் ஊரெல்லாம் சுற்றி வந்தது. மர்மம் ஒன்றும் இல்லை. 1981இல் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் வந்தபோது அதில் ஃபோல்டர் என்ற ஏற்பாடே கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே கூடத்தில் கிடந்தன. அச்சுப்பொறி, திரை, விசைப்பலகை போன்ற கருவிகளுக்கும் கோப்பு மாதிரியே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு எழுதினால் கருவிக்குப் போய்விடும். விசைப்பலகையும் திரையும் சேர்ந்த ‘கன்சோல்’ என்பதன் சுருக்கம்தான் இந்தக் கான். 1983இல் டாஸின் இரண்டாம் பதிப்பு ஃபோல்டர்களைக் கொண்டுவந்தது. அதற்குள் இந்தப் பெயர்களை நம்பி எழுதிய நிரல்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அவை எந்த ஃபோல்டரில் நின்று கூப்பிட்டாலும் அச்சுப்பொறி கேட்க வேண்டுமே! ஆகவே எல்லா ஃபோல்டருக்குள்ளும் இந்தப் பெயர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு இன்னும் தொடர்கிறது.

நீங்கள் முயன்றபோது வந்த செய்தியைக் கவனித்தீர்களா? ‘நீங்கள் கொடுத்த கருவியின் பெயர் செல்லாது’ என்ற பொருளில் இருக்கும். நாம் ஃபோல்டர் என்று நினைத்துப் பெயர் வைக்கிறோம், அது கருவி என்கிறது. முதலில் உளறல் போலத் தோன்றியது. கதை தெரிந்த பிறகு பார்த்தால், அந்தச் செய்தி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இவ்வளவு நேர்மையான கிறுக்கை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

மன்னிக்காதது உங்கள் மூன்றாவது புகார். விண்டோஸை அணைத்தீர்கள், அதுவும் முறைப்படி. ஆனால் அது அணையவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்துவைத்த நிரல்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் உட்கருவை மட்டும் அப்படியே வட்டில் எழுதி உறங்கவைக்கும். மறுநாள் புதிதாகத் தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். சீக்கிரம் திறக்கிறதே என்று நாமும் மகிழ்ந்துபோவோம். லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைத் தொடப்போகும்போது ‘உள்ளே ஒருவர் தூங்குகிறார்’ என்ற குறி தெரிகிறது. தூங்குபவரின் நினைவில் ஒன்றும் வட்டில் இன்னொன்றும் ஆகிவிட்டால் கோப்புகள் சிதைந்துபோகும். அதனால்தான் வாசிக்க மட்டும் அனுமதி. நீங்கள் லினக்ஸைக் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுவோ உங்கள் படங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இதில் வேடிக்கை, ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாக மூடித் திறக்கும் என்பதுதான். ‘ஷட் டவுன் செய்து திறந்தும் சரியாகவில்லை, ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது’ என்று நண்பர் ஒருவர் சொன்னபோது அவரைக் கேலி செய்திருக்கிறேன். பாவம், அவர் சொன்னதுதான் சரி. டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியு பக்கத்தைத் திறந்து எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பாருங்கள். தினமும் இரவு அணைக்கிற கணினி பல நாட்களாக விடாமல் ஓடுவதாகக் காட்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினால் அந்த ஒரு முறை உண்மையாகவே அணையும். இரண்டு இயங்குதளம் வைத்திருக்கும் நீங்கள், மின்சக்தி அமைப்புகளுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையே எடுத்துவிடுவது நல்லது. வேகம் கொஞ்சம் குறையும், போகட்டும்.

இதைப் படித்துவிட்டு லினக்ஸ் உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் காப்பி செய்தால், பச்சைக் கோடு சரசரவென்று ஓடி முடிந்துவிடும். முடிந்தது காப்பி இல்லை, கோப்பு நினைவகத்துக்கு ஏறிய வேலை மட்டும்தான். அங்கிருந்து பென்டிரைவுக்கு அது பின்னாலிருந்து மெதுவாக எழுதிக்கொண்டிருக்கும். ஒருமுறை அவசரத்தில் கோடு முடிந்த கையோடு பிடுங்கிக்கொண்டு போனேன். போன இடத்தில் கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே முக்கால்வாசி இல்லை. பென்டிரைவைத் திட்டினேன், செருகிய துளையைத் திட்டினேன். தப்பு என்னுடையது. வெளியேற்று என்று சொல்லி, அது ‘இனி எடுக்கலாம்’ என்கிற வரை பொறுத்திருக்க வேண்டும். சில நிமிடம் ஆனாலும்தான். விண்டோஸ் 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து பென்டிரைவுகளுக்கு இந்தத் தாமத எழுத்தை இயல்பாகவே நிறுத்திவைத்திருக்கிறது. அங்கே காப்பி மெதுவாக ஓடுவதாகத் தோன்றும். ஆனால் கோடு சொல்வதை ஓரளவு நம்பலாம்.

என் கணக்கு உதைக்கும் இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. திறந்திருக்கும் கோப்பை அழிக்கப் பார்த்தால் விண்டோஸ் பெரும்பாலும் ‘வேறொரு நிரலில் திறந்திருக்கிறது, முடியாது’ என்று மறுக்கும். லினக்ஸ் மறுபேச்சில்லாமல் அழித்துவிடும். உண்மையில் பெயரை மட்டும்தான் எடுத்திருக்கும். நிரல் கோப்பை விடும் வரை இடம் காலியாகாது. என் அளவுகோலின்படி விண்டோஸ்தான் நேர்மையானது. ஆனால் இந்த மௌனத்தால்தான் லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிற நிரலையே அப்டேட் செய்ய முடிகிறது, தொட்டதற்கெல்லாம் ரீஸ்டார்ட் கேட்பதில்லை. இந்த ஒரு பொய்யை நான் ரசித்து அனுபவிக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேக்கைப் பற்றி நீங்கள் ஒரு புகாரும் சொல்லவில்லை. மகள் கொடுத்தது என்பதாலா? 1984இல் வந்த முதல் மேக்கின்டாஷில் நெகிழ்வட்டை வெளியே எடுக்க அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போடுவார்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்தவர்கள் ஏராளம். ஒன்றும் ஆகாது. பயமுறுத்தும், கெடுக்காது. பின்னாளில் வட்டை இழுக்கும்போதே குப்பைத்தொட்டியின் படம் வெளியேற்றும் குறியாக மாறும்படி செய்தார்கள்.

கடிகாரத்துக்கு வருவோம். மதர்போர்டில் ஒரு சிறிய மின்கலத்தோடு ஓடும் கடிகாரம் இருக்கிறது. அது எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்று அதற்கே தெரியாது, வெறும் எண்தான். டாஸ் வழியில் வந்த விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் வந்த லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் ஊருக்கான வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ காட்டுகிறது. இரண்டும் இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு வந்து தன் வழக்கப்படி அந்தக் கடிகாரத்தைத் திருத்திவைக்கும். அடுத்தவர் வந்து பார்த்தால் தப்பு. இதில் பொய் சொல்பவர் யாரும் இல்லை, ஒரே சுவர்க் கடிகாரத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். நான் அதைச் செய்யமாட்டேன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல் டைம் இஸ் யுனிவர்சல்’ என்ற பதிவைச் சேர்த்து மதிப்பை 1 என்று வைத்துவிடுவேன். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிற நாடுகளில் உள்ளூர் நேரத்தை வைத்தால் இரண்டு இயங்குதளமும் ஆளுக்கொரு முறை மாற்றிவிடும். பொது நேரத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இனி ‘கொடிகள்’. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விண்டோஸும் மேக்கும் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பெரும்பாலும் பேதம் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். தமிழில் அந்த பேதமே கிடையாது, ஆகவே நாம் தப்பித்தோம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ‘கொ’ வந்து கெடுத்தது. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே எண்ணாக எழுதலாம். அல்லது எகரத்தின் கொம்பு ஓர் எண், ஆகாரத்தின் கால் ஓர் எண் என்று பிரித்து எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. பழைய மேக்குகளின் கோப்பு முறை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு, எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். 2017இல் வந்த புதிய முறை கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்தாலும், இரண்டையும் ஒரே பெயராகவே மதிக்கும். விண்டோஸும் லினக்ஸும் இந்தப் பஞ்சாயத்தில் தலையிடுவதில்லை. எண்கள் வேறா, பெயர்கள் வேறு, அவ்வளவுதான். உங்கள் ‘கொடிகள்’ ஒன்று விண்டோஸில் தட்டச்சு செய்தது, மற்றது மேக்குக்குப் போய்த் திரும்பியது என்று பந்தயம் கட்டுவேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: லினக்ஸில் பரவலாக இருக்கும் கோப்பு முறை ஒரு பெயருக்கு 255 பைட் தரும். விண்டோஸ் 255 குறிகள் தரும். ஒன்றுபோலத் தெரிகிறதா? தமிழில் ஒவ்வொரு குறியும் லினக்ஸில் 3 பைட் பிடிக்கும். ‘நிழற்படங்கள்’ என்பது கண்ணுக்கு 8 எழுத்து, யூனிகோடில் 12 குறி, லினக்ஸில் 36 பைட். விண்டோஸில் தாராளமாக நீட்டிப் பெயர் வைத்த கோப்பை அங்கே கொண்டுபோனால் ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பி அனுப்பிவிடும். முகத்துக்கு நேரே சொல்கிறது, அந்த மட்டில் சந்தோஷம்.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் துறக்கலாமா என்று கேட்டீர்கள். தேவையில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுங்கள், ரெஜிஸ்ட்ரியில் அந்த ஒரு பதிவைச் சேருங்கள், பென்டிரைவை வெளியேற்றிவிட்டு எடுங்கள். உங்கள் புகாரில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

இரண்டு ‘கொடிக’ளில் எதை அழிப்பது என்பதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். தேதியைப் பார்த்துப் பழையதை அழித்துவிடலாம் என்று கை பரபரக்கும். அந்தக் கோப்புகளைச் சேமித்த நாட்களில்தான் உங்கள் கடிகாரம் பல மணி நேரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. போதாததற்குப் பென்டிரைவ் ஃபேட் என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால், அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பே இல்லாமல் தேதியை எழுதிவைக்கும், அதையும் 2 வினாடிக்கு ஒருமுறைதான். எது புதியது என்று இப்போது அந்தத் தேதிகளிடம் கேட்டுப் பயனில்லை. இரண்டையும் திறந்து, கடைசியாகச் சேர்த்த கொடி எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

அன்புடன்