ரிக்‌ஷாக்காரர் குரல்

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைக்காரன். வயது 26. வேலைக்காக ஓசூரில் இருக்கிறேன். டெல்லி கணேஷ் மறைந்த பிறகுதான் அவருடைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். ‘அபூர்வ சகோதரர்கள்’ பிரான்சிஸ் அன்பரசும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ பாலக்காட்டு மணி ஐயரும் ஒரே ஆள் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. 400 படங்களுக்கு மேல் நடித்தவர் ஏன் கடைசிவரை அப்பா, மாமா, கணக்கப்பிள்ளை என்றே நின்றுவிட்டார்? ஏன் பெரிய விருதுகள் அவரைத் தேடி வரவில்லை? அவர் இடத்தை இனி யார் நிரப்புவார்? வாய்ப்பு குறைவாக இருந்த காலத்தில் டப்பிங் மாதிரியான சைடு வேலைகளும் செய்தார் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. அவரை முழுதாகப் புரிந்துகொள்ள எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ஒரு வாசகன்,
தேவகோட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் தெருவில் ஒரு படப்பிடிப்பு முடிந்து லாரிகள் கிளம்பின. மூன்று நாளும் அந்த வீட்டு முகப்பில் போய் நின்றேன். பார்க்கப் போனேன் என்று சொல்ல முடியாது, கேட்கப் போனேன். கேட்டது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு சொல் வந்து அதே இடத்தில் இடித்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

விருதை விடுங்கள். ‘பசி’க்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு வாங்கினார், கலைமாமணி வாங்கினார். இன்னும் இரண்டு கேடயம் சேர்ந்திருந்தால் அவர் வீட்டு அலமாரிக்கு நல்லது, நமக்கு ஒன்றும் கூடியிருக்காது. இடத்தை யார் நிரப்புவார் என்பதையும் விடுங்கள். முத்துப்பேட்டை எம்.எஸ். பாஸ்கர் இருக்கிறார். ‘பார்க்கிங்’ படத்துக்காக 2025இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டதே, அவர்தான். அவரும் டப்பிங் அறையில் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்டவர். ஆனால் அவர் நிரப்புவது அவருடைய இடத்தை. ஒருவர் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைத்துப் பார்க்கும் பழக்கம் நல்லதில்லை.

அப்பா, மாமா, கணக்கப்பிள்ளை என்கிறீர்கள். ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரின் பக்கத்தில் ஐயராக ஒருவர் எப்போதும் நிற்கிறாரே, அவரை எடுத்துவிட்டு அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். ‘சிந்து பைரவி’யில் குடிப்பழக்கத்தை விட முடியாத மிருதங்கக்காரர் குருமூர்த்தியை எடுத்துவிட்டு அந்தக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சைடு வேலை.

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 26 வயதில் ஒரு பழைய நடிகரைத் தேடிப் போகிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அந்த மனசுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் அந்தச் சொல்லை எழுதும்போது நீங்கள் யோசிக்கவே இல்லை. குரல் கொடுத்தது அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த காரியம், அதற்காக நாம் வருத்தப்பட வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? கணக்கே உதைக்கிறது. ‘பசி’ 1979. அரசுப் பரிசும் அந்தப் படத்துக்குத்தான். ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்கு அவர் தமிழ்க் குரல் கொடுத்தது 1981. பரிசு வாங்கிய நடிகர் பிறகு போய் இன்னொருவர் வாய்க்குத் தன் குரலைக் கொடுத்திருக்கிறார். இதில் நீங்கள் வருத்தப்பட என்ன இருக்கிறது?

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள், கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். எனக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அப்பத்தா.

எங்கள் ஊரில் ஊருணிக்கு அக்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. எங்கள் வீடு இக்கரையில். நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிப் பத்தி, நடுவில் வானம். ராத்திரி ஊர் அடங்கியதும் கொட்டகைச் சத்தம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வந்து அந்த வளவுக்குள் விழும். ஐயா, அதாவது என் தாத்தா, காலமான பிறகு அப்பத்தா கொட்டகைப் பக்கம் போனதே கிடையாது. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் ஊருக்கு வந்த ஒரு படத்தையும் அவர் விட்டதில்லை. வெற்றிலை உரலை மடியில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து, இரண்டாம் ஆட்டம் முடிகிறவரை கேட்பார். ஒரு படம் ஒரு வாரம் ஓடினால் ஏழு நாளும் கேட்பார். எந்தப் படத்துக்கும் அவரிடம் முகம் கிடையாது. குரல்கள்தான். பெயர் தெரியாத நடிகர்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். மூக்கால் பேசுகிறவர், தொண்டை கட்டின தாசில்தார், அழுதுகிட்டே சிரிக்கிற பிள்ளை. ‘பசி’யில் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கும் அப்பாவாக வந்தவர் அப்பத்தாவுக்கு ‘ரிக்‌ஷாக்காரர்’.

‘47 நாட்கள்’ எங்கள் ஊருக்கு ஒரு வருடம் கழித்து வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு. முதல் நாளே தரை டிக்கெட்டில் பார்த்துவிட்டு வந்தேன். அப்பத்தா முழித்துக்கொண்டு இருந்தார்.

“ஏப்பு, ரிக்‌ஷாக்காரர் இதுலயும் வர்றாகளே. இப்ப என்ன வேசம் கட்டியிருக்காக?”

“ரிக்‌ஷாக்காரர் இதுல இல்ல அப்பத்தா. கதாநாயகன் புது ஆளு. தெலுங்குக்காரரு. பாரிஸ்ல இருக்கிறவரா வர்றாரு.”

“ஆளு யாரோ எனக்கென்ன தெரியும். குரல் அவுகளுது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் வீடு முழுக்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பத்தா மட்டும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரியும் தூணில் சாய்ந்து கேட்டுவிட்டு, நான் படுத்த பிறகு இருட்டில் இருந்தே சொன்னார்: “அந்தப் பொண்ணுக்கிட்டப் பேசையில சர்க்கரை கூடிப்போகுது. இவன் ஏமாத்துறான்.”

படம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வெளிநாட்டில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்க, இங்கே வந்து ஒரு கிராமத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போகிறவன் அவன். அது பின்னால்தான் தெரியவரும். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த அழகான இளைஞனிடம் முதலில் ஒரு சந்தேகமும் வரவில்லை. முகத்தைப் பார்க்காதவருக்கு வந்துவிட்டது. ஏனென்றால் அந்தச் சந்தேகத்தைக் குரலுக்குள் பொடியாகத் தூவி வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார்.

பல வருடம் கழித்து, சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய பத்திரிகையில் அந்த விஷயத்தைப் படித்தேன். சிரஞ்சீவிக்கு அந்தப் படத்தில் தமிழ் பேசியவர் டெல்லி கணேஷ். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றே ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கி அப்பத்தாவுக்கு எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படிப்பார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆனால் அந்தக் கடிதம் பெட்டகத்தில், நகைப்பெட்டி இருக்கும் தட்டில் இருந்தது.

அந்தக் காலத்து டப்பிங் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, அதையே திரும்பத் திரும்பத் திரையில் ஓட்டுவார்கள். ஒரே வாய், ஒரே அசைவு, பத்து தடவை, இருபது தடவை. இருட்டில் மைக் முன்னால் நிற்கிறவர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். ‘ப’வும் ‘ம’வும் உதடு மூடாமல் வராது. திரையில் உதடு மூடும் அந்த நொடியில் குரலும் மூட வேண்டும். தெலுங்கு பேசிப் பழகிய வாய்க்குள் தமிழை வைக்க வேண்டும். கை கிடையாது, கண் கிடையாது, நடை கிடையாது. மூச்சு எங்கே வாங்குவது என்பதைக்கூட இன்னொருவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அத்தனையையும் கட்டிப்போட்ட பிறகு மிஞ்சுகிற ஒன்றை வைத்துக்கொண்டு, ‘இவன் ஏமாத்துறான்’ என்று எங்கள் அப்பத்தாவுக்குத் தெரியவைத்தார். இதையா சைடு வேலை என்கிறீர்கள்?

வல்லநாட்டில் பிறந்த நெல்லைக்காரர். 1964இலிருந்து 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் நாடகம், பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழு, அதன் பிறகுதான் கே. பாலசந்தர் கண்ணில் பட்டு சினிமா. அந்தப் பத்து வருட ராணுவ வாழ்க்கை அவர் காதுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் என்று எனக்குத் தோன்றும். நாலா ஊர்த் தமிழனும் ஒரே மெஸ்ஸில் தட்டேந்தும் இடம் அல்லவா? நெல்லைக்காரர் ‘பசி’யில் சென்னைக் குடிசைக்காரராகப் பேசினார். பதினோரு வருடம் கழித்து பாலக்காட்டுச் சமையல்காரராகப் பேசினார். மணி ஐயர் பேசும்போது வாக்கியத்தின் முடிவு எப்படி மேலே போய்ச் சுருண்டு இறங்குகிறது என்று கேளுங்கள். சிரிப்பு வசனத்தில் பாதி, அந்தச் சுருளில் பாதி.

இன்னொன்று. இந்த டப்பிங் நம் ஊர்ச் சங்கதி. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் 1938இல் ‘நந்தகுமார்’ எடுத்தபோது, நடிகையின் பாட்டு சரிவரவில்லை என்று லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்துச் சேர்த்தார். தமிழில் பின்னணிக் குரல் அப்படித்தான் வந்தது. 1943இல் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வை அடுத்த வருடம் தமிழ் பேச வைத்தார். இந்தியாவில் ஒரு மொழிப் படம் இன்னொரு மொழியில் பேசியது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவர் ஸ்டூடியோ போட்டது உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய தேவகோட்டை ரஸ்தாவில். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். உடம்பு ஒன்று, குரல் ஒன்று என்று பிரித்துச் சேர்க்க முடியும் என்பதைத் தமிழ் சினிமாவுக்குக் காட்டியவர் நம் ஊர்க்காரர். தேவகோட்டையில் பிறந்த நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் டப்பிங்கைச் சைடு வேலை என்று எழுதினால் எனக்கு வலிக்காதா?

சரி, படப்பிடிப்புக்கு வருகிறேன். அந்த மூன்று நாளும் கேமராவை எங்கெங்கோ வைத்தார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், நிலைப்படி, பெல்ஜியம் கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. கதைப்படி அது நகரத்தார் வீடு. அந்த வீட்டுப் பையன் பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் கிழவியைக் கூப்பிட வேண்டும். “பாட்டி” என்றான். அப்பனை “டாடி” என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. உதவி இயக்குநர் பையன் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, எங்க வீடுகள்ல அப்பத்தானுதான் சொல்லுவாக. அப்பாவுக்கு அப்பச்சி. அதை மட்டும் மாத்திச் சொல்லச் சொல்லுங்களேன்” என்றேன். மரியாதையான பையன். “டப்பிங்ல பாத்துக்கலாம் சார்” என்றான்.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமாம்! உங்கள் கடிதத்தில் இருந்த அதே நினைப்பு. வீடு முக்கியம், தூண் முக்கியம், வெளிச்சம் முக்கியம். பேச்சு கடைசியில், யாரோ ஒருவர் ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள். இத்தனை வருடமாக எங்கள் வீடுகளில் வந்து படமெடுக்கிறார்கள். எங்கள் பேச்சைக் காது கொடுத்து எடுத்துப்போனவர் எத்தனை பேர்? பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமா எடுத்துப்போனார். அவரை உலகமே ஆச்சி என்று கூப்பிட்டது. அதற்குப் பிறகு விரல் விட்டு எண்ணலாம். “அவுக வந்தாக, சொன்னாக” என்று போட்டுவிட்டால் செட்டிநாடு ஆகிவிடாது. பிள்ளையைக் கண்டிக்கும்போதும் மரியாதை விலகாத ஒரு பேச்சு எங்கள் ஆச்சிமார்களுடையது. கோபம் ஏற ஏறச் சத்தம் இறங்கும். அதைத் தூணோடு சேர்த்துப் படம் பிடிக்க முடியாது. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

டெல்லி கணேஷ் கேட்டிருப்பார். அவரை ஒரு நகரத்தார் பெரியவராக, வட்டிக்கடைக் கணக்கும் கோயில் திருப்பணியும் பேசுகிறவராக, யாராவது ஒரு படம் முழுக்க எங்கள் ஊரில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. 2024 நவம்பர் 9 ராத்திரி அவர் போய்ச் சேர்ந்தார் என்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஆசைதான். அடுத்தது அப்பத்தா.

அப்பத்தா அவர் முகத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு, மணி ஐயர் வந்தபோது நான் அவசரமாகக் கூப்பிட்டுக் காட்டினேன். “அப்பத்தா, இவர்தான் உங்க ரிக்‌ஷாக்காரர்.” கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “இவுகளா?” என்றார். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழக்கம் போலத் தூணில் சாய்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார். படம் முடிந்த பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்: “ஐயா முகம் போட்டோவுல இருக்கு. பர்மாவுல இருந்து கடிதாசியா வந்துச்சு, அதுவும் இருக்கு. குரல்தான் மறந்துபோச்சு.”

‘பசி’யிலிருந்து தொடங்குங்கள் தம்பி. முதல் தடவை பார்த்துவிடுங்கள். இரண்டாம் தடவை ஊருக்கு வரும்போது, ராத்திரி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வளவில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் நடுவில் ஏதாவது பேசினால் படத்தை நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்