500 படங்கள் ஒரே டிஸ்க்கில் வேண்டாம்

கேள்வி: கொட்டகலையில் ஆசிரியையாக இருக்கிறேன். பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தை அண்மையில்தான் பார்த்தேன். அடிதடியும் டூயட்டும் இல்லாமல், மனிதர்களை மட்டும் நம்பி எடுத்த இப்படியான பழைய படங்களை எப்படித் தேடுவது? டவுனில் ஒரு கடைக்காரர் 'உலகத் தரமான பழைய படங்கள் 500' என்று ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? சிங்களம் ஓரளவு விளங்கும்.

பதில்: வாங்காதீர்கள். அந்த 500 படங்களையும் அவர் பார்த்ததில்லை. யாரோ பதிந்ததை இன்னொருவர் பதிந்து, அதை அவர் பதிந்து விற்கிறார். பெயர் ஒன்றாக இருக்கும், திறந்தால் வேறு படம் ஓடும். அதைவிட மோசமானது, சரியான படமே சிதைந்து கிடப்பது. பழைய படங்களில் பல, பழைய டீவிப் பெட்டியின் 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் படத்தில் கால் பங்கு போய்விடும். சிலர் வெட்டாமல் இழுத்து நீட்டுவார்கள். அப்போது எல்லோருக்கும் முகம் வீங்கும். 'வீடு' படத்தில் தாத்தா பாதி கட்டிய வீட்டுக்குள் நுழைந்து சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது நினைவிருக்கிறதா? வசனம் சொல்லாததை அந்தக் கைகள் சொல்கின்றன. கையை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் காட்டினால் அந்தக் காட்சியில் என்ன மிஞ்சும்?

சோதிப்பது சுலபம். தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது எழுத்துகளின் தலையோ காலோ விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பிரதி வேண்டாம். குரல்கள் கீச்சென்று கேட்டால் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கீறலும் மங்கலும் இரைச்சலும் உள்ள பிரதியை எல்லா நேரமும் ஒதுக்கக் கூடாது. 'வீடு' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடிய அசல் படச்சுருள், இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே வருந்திச் சொல்லியிருக்கிறார். 1988-இல் வந்த படம், நூற்றாண்டுப் பழைமையானதல்ல. அதற்கே இந்தக் கதி. ஆகவே '4கே தரத்தில் வீடு' என்று எவராவது விற்றால் அவர் பெரும்பாலும் கணினியில் பூச்சுப் பூசியிருப்பார், அவ்வளவுதான். தோல் பிளாஸ்டிக் போல மினுங்கும். அழுக்கான பிரதியைப் பாருங்கள். சட்டகம் வெட்டப்படாமல், நீளம் குறையாமல் இருந்தால் போதும். வெட்டு வேறு, அழுக்கு வேறு.

இனி தேடும் வழி. 'பார்க்கவேண்டிய 100 படங்கள்' போன்ற பட்டியல்களை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கள். பெயர்கள் ஓடும்போது தேநீர் ஊற்ற எழுந்து போகாமல் உட்கார்ந்து வாசியுங்கள். 'வீடு' படத்தின் தாத்தா சொக்கலிங்க பாகவதர். அவரும் கதாநாயகி அர்ச்சனாவும் மறுபடி பாலு மகேந்திராவிடம் நடித்தது 'சந்தியாராகம்' (1989). மனைவியை இழந்து பட்டணத்து உறவினர் வீட்டுக்கு வந்து சேரும் கிழவரின் கதை. உங்கள் அடுத்த படம் அதுதான். பிறகு மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979), ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). இரண்டிலும் பாட்டு உண்டு, பயப்படவேண்டாம்.

நம் இலங்கையிலும் இதே வழிதான். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய சிங்களப் படம் 'கம்பெரலிய' (1963) ஸ்டூடியோவை விட்டு வெளியேறி உண்மையான வீட்டில் எடுக்கப்பட்டது. 1965-இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது. அதைத் தொகுத்தவர் சுமித்ரா பீரிஸ். அவர் இயக்கிய முதல் படம் 'கெஹெனு லமாய்' (1978). ஒரு பெயரைப் பிடித்தால் அடுத்த படம் தானாக வரும். ஐந்நூறு படக் கடைக்காரரால் இதைச் சொல்லித்தர முடியுமா?

எரிச்சல் வருவது இங்கேதான். 'கம்பெரலிய'வைப் புதுப்பிக்க லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் காப்பகம் வேண்டியிருந்தது. லெஸ்டரின் இன்னொரு படமான 'நிதானய'வுக்கு இத்தாலியின் பொலோஞ்ஞா நகரம். நம் அரசின் திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கியது 1972-இல். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. படச்சுருளைக் குளிரில் வைத்துக் காப்பதைக்கூட யாரோ வந்து செய்யவேண்டியிருக்கிறது. புதுப்பித்த பிறகாவது தமிழில் சப்டைட்டில் போடுகிறார்களா? பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் அரசகரும மொழி என்று பெயர்ப்பலகைகள் சொல்கின்றன. பாடசாலையில் சிங்களம் தெரிந்த சக ஆசிரியை ஒருவர் இருந்தால் சேர்ந்து பாருங்கள். சப்டைட்டிலைவிட அது நல்லது.

தமிழிலேயே வேண்டுமென்றால் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977). சிங்கள இயக்குநர், யாழ்ப்பாணக் கதை, காவலூர் ராஜதுரையின் எழுத்து. சீதனமும் சாதியும் ஒரு வீட்டுப் பெண்களை எப்படிக் காத்திருக்க வைக்கின்றன என்பதை அவசரமில்லாமல் காட்டுகிறது. முதல் அரைமணி நேரம் எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். போனில் வேகத்தைக் கூட்டி ஓடவிடாதீர்கள்.

டேட்டா பற்றாது என்று கவலைப்படாதீர்கள். யூடியூபில் பார்ப்பதானால் தரத்தை 480-இல் வைத்துப் பாருங்கள். இந்தப் பிரதிகள் பலவற்றில் அதற்கு மேல் எந்த விவரமும் இல்லை. 'எச்டி' என்று எழுதியிருப்பதெல்லாம் கோப்பைப் பெரிதாக்கி உங்கள் ரீலோட் காசைத் தின்பதற்குத்தான்.