நாய் வாலில் கட்டிய தகர டப்பா

வணக்கம்.

போன வாரம் நண்பர் ஒருவரோடு பெரிய வாக்குவாதம். 2016-ல் பாப் டிலனுக்குக் கொடுத்தபோதே இலக்கிய நோபலின் மரியாதை போய்விட்டது என்பது என் கட்சி. ஏற்கெனவே உலகமே அறிந்த பாடகர் அவர். அவர் பெயரை வைத்துப் பரிசுக்கு விளம்பரம் தேடிக்கொண்டார்கள். சர்வதேசப் பரிசுகளும் சினிமா விருது விழா மாதிரி ஆகிவிட்டன. நண்பர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நீங்கள் யார் பக்கம்?

அன்புடன்,
உங்கள் வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் பக்கம். ஆனால் அவரும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம்.

விளம்பரத்துக்காகத்தான் டிலனைப் பிடித்தார்கள் என்றால், அதைவிட நஷ்டமான வியாபாரம் கிடையாது. அக்டோபர் 13-ம் தேதி அறிவித்தார்கள். இரண்டு வாரம் மனிதர் வாயே திறக்கவில்லை. பரிசுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்வீடிஷ் அகாதமியின் உறுப்பினர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் ‘மரியாதை தெரியாதவர், திமிர் பிடித்தவர்’ என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். டிசம்பர் 10 விழாவுக்கும் டிலன் போகவில்லை. அவருக்குப் பதிலாகப் பாடகி பாட்டி ஸ்மித் (Patti Smith) டிலனின் பாட்டைப் பாடினார். ஸ்வீடன் ராஜா முன்னால் நடுவில் தடுமாறி நின்று, ‘மன்னியுங்கள், படபடப்பாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினார். அந்த விழாவில் எனக்குப் பிடித்ததே அந்தத் தடுமாற்றம்தான். டிலன் பதக்கத்தை வாங்கிக்கொண்டது 2017 ஏப்ரலில், கேமராக்கள் இல்லாமல். பரிசுத்தொகை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் உரை தந்தாக வேண்டும் என்பது விதி. ஜூன் மாதம், கெடு முடிய சில நாள் இருக்கும்போது அனுப்பிவைத்தார்.

புகழ் ஏற்கெனவே இருந்ததால் அவரால் அப்படி இருக்க முடிந்தது. என் கவலை மற்றவர்களைப் பற்றி. எழுதிக்கொண்டு சும்மா இருந்தவரை ஒரே நாளில் நட்சத்திரமாக்கிவிடுகிறதே பரிசு, அதைப் பற்றி.

ஆங்கில நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 அக்டோபர், அவருக்கு 87 வயது. லண்டனில் வீட்டு வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்குகிறார். கூட வந்த மகன் கையில் வெங்காயச் சரம். வாசலில் கேமராக் கூட்டம். எதைப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். உங்களுக்கு நோபல் கிடைத்திருக்கிறது என்கிறார்கள். ‘அட கடவுளே’ என்று ஒரு சலிப்பு, பையைக் கீழே வைக்கிறார். முப்பது வருஷமாக இந்தப் பேச்சு நடக்கிறது, இனி என்ன புதிதாகக் குதிப்பது என்கிற மாதிரி பதில். அந்தக் காட்சி இணையத்தில் இருக்கிறது, பாருங்கள். எல்லோரும் சிரித்து ரசித்தோம். அடுத்த வருஷம் பிபிசி வானொலியில் அவரே சொன்னார்: பரிசு ஒரு பெரிய நாசம், பேட்டி கொடுப்பதும் போட்டோவுக்கு நிற்பதும்தான் வேலை, எழுதத் தெம்பு இல்லை.

இது இந்தக் காலத்து டிவியால் வந்த வினை என்று நினைத்துவிடாதீர்கள். 1913 நவம்பரில் தாகூருக்கு நோபல் கிடைத்த செய்தி வந்தது. சில நாளிலேயே ஓவியர் ரோதன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாய் வாலில் தகர டப்பாவைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, சத்தமும் கூட்டமும் இல்லாமல் நகரவே முடியவில்லை என்று. எழுதிய அதே வாரம் கல்கத்தாவிலிருந்து தனி ரயில் பிடித்து ஐந்நூறு பேர், தாகூர் இருந்த சாந்திநிகேதனுக்குப் பக்கத்து ரயில் நிலையமான போல்பூரில் வந்து இறங்கினார்கள், பாராட்டுவதற்காக. நேற்றுவரை அவரைக் கண்டுகொள்ளாதவர்களும் திட்டியவர்களும் அதில் உண்டு. தாகூருக்குப் பொறுக்கவில்லை. இந்த மரியாதைக் கோப்பையை உதடு வரை கொண்டுபோகிறேன், குடிக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வந்தவர்களுக்குக் கோபம். பின்னே, டிக்கெட் எடுத்து வந்தவர்கள் அல்லவா?

அந்தப் பதக்கம் 2004-ல் சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து திருட்டுப்போனது. தாகூர் என்றால் அந்தத் திருட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய ஆட்கள் எனக்குத் தெரியும். ஒரு கவிதை சொல்லச் சொன்னால் தேசிய கீதத்துக்கு மேல் நகரமாட்டார்கள்.

சரி, ஊரைச் சொல்வானேன். அந்த ரயிலில் நானும் ஏறியவன்தான். 2021 அக்டோபர் 7, நம் நேரம் மாலை நாலரைக்கு இலக்கிய நோபலுக்கு நாவலாசிரியர் அப்துல்ரசாக் குர்னா பெயரை அறிவித்தார்கள். அவர் இங்கிலாந்தில் தன் வீட்டுச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாராம், போன் வந்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். எனக்கும் ஒரு போன் வந்தது. பத்திரிகை நண்பர். ‘சார், ஏழு மணிக்குள் அறுநூறு சொல்.’ குர்னாவின் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. ‘முடியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும். ‘ஏழேகால் ஆகும்’ என்றேன். சான்சிபார், அகதி வாழ்க்கை, காலனியம் என்று அங்கங்கே பொறுக்கி எழுதினேன். ‘புலம்பெயர்வின் வலி’ மூன்று இடத்தில் வந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய எந்தக் கட்டுரைக்கும் வராத பாராட்டு அதற்கு வந்தது. பாராட்டியவர்களும் படித்திருக்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். அவருடைய நாவல் ஒன்றை உட்கார்ந்து படித்தது அடுத்த வருஷம். நான் எழுதியதில் பாதி அதற்குப் பொருந்தவே இல்லை.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் டிலனின் பாட்டு ஒன்றுகூட இல்லை. வாக்குவாதத்தில் ஏதாவது வந்ததா? வந்திருந்தால் எந்தப் பாட்டு என்று எழுதுங்கள்.