யூனிக் பாயிண்டரிலிருந்து ஷேர்ட் பாயிண்டருக்கு உரிமையை மாற்றுவது

உங்கள் சி பிளஸ் பிளஸ் நிரலில், படத்தை ஏற்றும் செயற்கூறு தந்த யூனிக் பாயிண்டரின் (ஒரு பொருளுக்கு ஒரே உரிமையாளராக இருந்து, இறுதியில் அதை அழிக்கும் சுட்டியின்) மீது கெட் என்பதை அழைத்து, கிடைத்த முகவரியைக் கொண்டு ஷேர்ட் பாயிண்டர் (உரிமையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சுட்டி) ஒன்றை உருவாக்கியதாகவும், நிரல் முடியும்போது ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்பட்டதாகப் பிழை வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். கெட் முகவரியைக் காட்டுமே தவிர உரிமையைக் கைவிடாது. ஆகவே ஒன்றையொன்று அறியாத இரு உரிமையாளர்கள் அதே பொருளைத் தனித்தனியே அழிக்கிறார்கள்.

யூனிக் பாயிண்டரை, உரிமையை இடம்மாற்ற உதவும் மூவ் வழியாக, ஷேர்ட் பாயிண்டரை உருவாக்கும் கட்டமைப்பானுக்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். சி பிளஸ் பிளஸ் 2011 தரநிலையிலிருந்தே இதற்கு வழி உண்டு. மாற்றம் முடிந்ததும் பழைய பாயிண்டர் வெறுமையாகிவிடும் என்பது உறுதி என்பதால், அதற்குப் பின்வரும் வரிகளில் அதன் வழியாகப் பொருளைத் தொடாதீர்கள்.

கெட்டுக்குப் பதிலாக, உரிமையைக் கைவிட்டு முகவரியைத் தரும் ரிலீஸை அழைத்தாலும் பிழை மறையும். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். யூனிக் பாயிண்டருடன், பொருளை முடித்துவைக்கும் தனி அழிப்பான் ஒன்றை, எடுத்துக்காட்டாகக் கோப்பை மூடும் எஃப்குளோஸை, இணைத்திருந்தால் மூவ் அதையும் உடன் கொண்டுசெல்லும். ரிலீஸோ வெறும் முகவரியை மட்டும் தருவதால், ஷேர்ட் பாயிண்டர் இறுதியில் நினைவகத்தை விடுவிக்கும் சாதாரண டிலீட்டையே அழைத்துவிடும், அது முற்றிலும் தவறு.

எதிர்த்திசையில், ஷேர்ட் பாயிண்டரிலிருந்து யூனிக் பாயிண்டருக்குத் திரும்ப வழியில்லை. பிற பங்காளிகளிடமிருந்து உரிமையைப் பறிக்க மொழி இடம்தருவதில்லை. எனவே படத்தை ஏற்றும் செயற்கூறு இப்போதுபோலவே யூனிக் பாயிண்டரைத் திருப்பியளிக்கட்டும். பகிர வேண்டுமா என்பதை அழைப்பவர் முடிவு செய்யலாம்.